வஸ்தி வீட்டு விடுதலைப் பத்திரம்

மன்ஜின் குடும்பத்து நிலத்தில் எனக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. அன்றைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான். நான் நோட்டரி. பத்திரத்தில் ஆதாயம் உள்ளவர் அதே பத்திரத்துக்கு நோட்டரி முத்திரை குத்தக் கூடாது. நான் எஸ்றா மன்ஜினுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி, பிறகு கோர்ட்டில் கைகழுவிவிட்டு வந்தவள். புருஷன் போனான், அவன் சொந்தக்காரர்கள் போகவில்லை. கல்யாணமோ சாவோ, இன்னும் எனக்குத்தான் முதல் போன் வரும்.

எங்கள் தீவில் யாரும் உயில் எழுதமாட்டார்கள். உயில் எழுதுவது சாவை வாசல் வரை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம் என்று ஒரு நம்பிக்கை. இந்த வம்சத்தில் இன்றைக்கு மூத்தவரான ஜூலை மாமாவின் தாத்தா, அடிமை வாழ்வு முடிந்த கையோடு, தான் அடிமையாக உழைத்த அதே பருத்திக் காட்டில் ஒரு துண்டை வாங்கினார். அவர் உயில் எழுதவில்லை. அவர் மகன், ஜூலை மாமாவின் அப்பா பிரின்ஸும் எழுதவில்லை. பிரின்ஸின் பிள்ளைகளும் எழுதவில்லை. அதனால் அந்த நிலமும் அதன்மேல் நிற்கும் வீடும் அந்த வம்சத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் சொந்தம். டெட்ராய்ட்டில் இருப்பவனுக்கும் சொந்தம், ஜெயிலில் இருப்பவனுக்கும் சொந்தம், இந்த மண்ணை மிதித்தே இராதவனுக்கும் சொந்தம்.

அந்த வீட்டில் இருப்பவள் வஸ்தி. ஜூலை மாமாவின் அக்கா ஆகாரின் மகள், அறுபது வயது, தனிக்கட்டை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி, வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு வரி கட்டி, கதவு ஜன்னலுக்கு நீலச் சாயம் அடித்து, நண்டு பிடித்து வாழ்ந்துகொண்டிருந்தாள். வரி கட்டுகிறவர்தான் வீட்டுக்காரர் என்று அவளும் நினைத்தாள், தீவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன அக்டோபர் புயல் வந்து கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. கூரை போட அரசாங்கம் உதவுகிறது என்று வஸ்தி மனுக் கொடுக்கப் போனாள். வீடு யார் பேரில் இருக்கிறது என்று ஆபீசில் இருந்த பெண் கேட்டிருக்கிறாள். பிரின்ஸ் மன்ஜின் பேரில் என்று வஸ்தி சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். அறுபது வருஷமாக வேதக்கோயில் கல்லறையில் படுத்திருக்கும் மனிதரை எந்த பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போவது?

ஒரே வழிதான் இருந்தது. பங்குள்ள ஒவ்வொருவரும் வஸ்திக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து எத்தனையோ பத்திரங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். விற்கிற பத்திரம் மார்தட்டும். இது என்னுடையது, நான் பொறுப்பு, யார் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கம் பக்கமாகச் சத்தியம் செய்யும். விடுதலைப் பத்திரம் ஒன்றுமே சொல்லாது. எனக்கு இதில் ஏதாவது உரிமை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது, இருந்தால் அது இனி உன்னுடையது, அவ்வளவுதான். வக்கீல்கள் அதை மட்டமான பத்திரம் என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஒரு மரியாதை.

ஆறு மாதம் போன் போட்டோம். சலித்துப்போய் நான் வஸ்தியைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் பத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. பார்த்தே இராத ஒரு ஒன்றுவிட்ட தம்பி கலிபோர்னியாவிலிருந்து அனுப்பினான். ஜெயிலில் இருப்பவன் அங்கேயே நோட்டரியைப் பிடித்து அனுப்பினான். காசுக்காக முட்டி மோதிக்கொள்ளும் ஜனங்கள் இவர்கள், ஒருத்தர்கூட எனக்கென்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடைசியில் உள்ளூர்க்காரர்களும் பர்விஸும்தான் பாக்கி.

பர்விஸ் வஸ்தியின் அண்ணன். ஆகாருக்கு இவர்கள் இரண்டே பேர். ஃபிலடெல்ஃபியாவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் பயம் அவரை நினைத்துத்தான், அதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, கோல்ஃப் மைதானம் போட நிலம் வளைக்கும் கம்பெனி. எங்கள் சாலையில் இரண்டு குடும்பத்தை ஏற்கெனவே விழுங்கியவர்கள். அவர்கள் மொத்த நிலத்தையும் கேட்கமாட்டார்கள். எங்கேயோ தூரத்தில், ஊரோடு ஒட்டாமல் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய பங்கை மட்டும் வாங்குவார்கள். பிறகு பங்காளி என்ற உரிமையில் கோர்ட்டுக்குப் போய், பிரிக்க முடியாத நிலம், மொத்தமாக ஏலம் விடுங்கள் என்பார்கள். ஏலத்தில் எடுக்கிறவர்களும் அவர்களேதான். பர்விஸுக்கும் அவர்கள் ஆள் அனுப்பியிருந்தது எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, சண்டை. ஏழு வருஷம் முன்னால் ஆகார் இறந்தபோது, கோயிலில் முதல் வரிசை பெற்ற பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டு வரிசை ராஜசபை மாதிரி, யார் யாருக்குப் பக்கத்தில் என்பதில் கொலையே விழும். வஸ்தி முதல் வரிசைக்கு வரவே இல்லை. கடைசி பெஞ்சில், கதவோரத்தில், சமையலுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தாள். பர்விஸ் அவ்வளவு பெரிய வரிசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அம்மாவை அனுப்பினார். அடக்கம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிப் போனவர்தான். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று நானே நாலு முறை கேட்டுப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. திமிர் என்றுதான் ஊர் முடிவு கட்டியது. நானும் அந்தக் கட்சிதான்.

வஸ்தி வீட்டில் எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போட ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம், பர்விஸும் வந்துவிட்டார். டை கட்டிக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வஸ்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். கூடம் முழுக்க மன்ஜின்கள். தலைக்கு மேலே கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. தக்காளி போட்டுக் கிளறிய சிவப்புச் சோறும் வறுத்த மீனும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன, கையெழுத்து முடியாமல் யாரும் தட்டை எடுக்கக் கூடாது என்று நான் கண்டிஷன் போட்டிருந்தேன். என் முன்னாள் புருஷன் அதற்குள் ஒரு மீனைக் காலி செய்துவிட்டான்.

நான் முத்திரையையும், பத்திரங்களையும், யார் யார் வாரிசு என்று ஜூலை மாமா சத்தியம் செய்ய வேண்டிய காகிதத்தையும் எடுத்து வைத்தபோது, வஸ்தி வந்து என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டெல்ஃபின், அந்த வாரிசு காகிதத்துல என்னை என்னன்னு எழுதியிருக்க?"

"என்னன்னு எழுதுவாங்க? ஆகாரோட மகள்னுதான். ஜூலை மாமா சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுவாரு."

"அவரைப் பொய் சத்தியம் பண்ண வெச்சுடாத," என்றாள். "நான் அம்மா பெத்த பொண்ணு இல்ல."

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஆகாரே அவளிடம் சொன்னாராம். தக்காளி பறிக்க ஃப்ளோரிடாவிலிருந்து ஆட்கள் லாரியில் வருவார்கள், அப்படி வந்த ஒருத்தி, கைக்குழந்தையை ஆகாரிடம் கொடுத்து, அடுத்த அறுவடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனாளாம். எத்தனையோ அறுவடை வந்து போனது, அவள் வரவில்லை. எங்கள் தீவில் இப்படி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. தத்து, கோர்ட், காகிதம் என்று யாரும் போனதில்லை. வீட்டில் சாப்பிட்டால் வீட்டுப் பிள்ளை.

"அதனாலதான் அன்னைக்கு முன்னால போய் உட்காரலை," என்றாள் வஸ்தி. "அந்த வரிசை அண்ணனோடது. எனக்கு அதுல என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. ஆனால் நான் தொழில் தெரிந்தவள், அதனால் முதலில் தொழிலைத்தான் பேசினேன். நீ யாராக இருந்தாலும் விடுதலைப் பத்திரத்துக்குக் கவலை இல்லை, கொடுக்கிறவர்கள் வாரிசாக இருந்தால் போதும், வாங்குகிறவள் வழியில் போகிறவளாகக்கூட இருக்கலாம் என்று விளக்கினேன். வாரிசு காகிதத்தை மட்டும் நான் திருத்திவிடுகிறேன், சத்தம் போடாமல் கையெழுத்தை வாங்குவோம் என்றேன். நீ இதைக் கூடத்தில் சொன்னால் ஆகாரின் பங்கு முழுவதும் பர்விஸ் ஒருவருக்கே என்றாகிவிடும், கத்தியின் பிடியை அவர் கையில் நீயே கொடுத்த மாதிரி என்றும் சொன்னேன்.

"அவங்க என்னை ஆகார் மகள்னு நினைச்சுக்கிட்டுல்ல குடுக்குறாங்க. தெரிஞ்சா குடுப்பாங்களா, மாட்டாங்களா? தெரியாம வாங்கினா அது திருட்டு, டெல். கூரை இல்லாம ஆறு மாசம் படுத்துட்டேன். இன்னும் படுக்கலாம்."

அவள் கூடத்துக்குப் போய், மேசைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி நின்றாள். ஒரு அலங்காரமும் இல்லாமல் சொன்னாள். ஆகார் என்னைப் பெறவில்லை, வயலில் வேலை செய்த ஒருத்தி விட்டுப் போன குழந்தை நான், உங்கள் ரத்தத்தில் எனக்கு ஒரு சொட்டும் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வருத்தமில்லை.

தார்ப்பாய் மட்டும் மேலே அடித்துக்கொண்டிருந்தது. நான் பர்விஸின் முகத்தையே பார்த்தேன். அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

ஜூலை மாமாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, காது மந்தம். கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லும்மா, ஒண்ணும் கேக்கலை," என்றார்.

பாவம், அவள் இன்னொரு முறை சொன்னாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி வரை சொல்லி முடித்தாள்.

"இதுக்கா மீனை ஆற வெச்சீங்க?" என்றார் மாமா. "எனக்குத் தெரியுமே."

வஸ்தி அவரையே பார்த்தாள்.

"உன்னைக் கொண்டாந்து மூணு வாரம் இருக்கும். எங்கப்பா போயிட்டாரு. சவப்பெட்டியை இதோ இந்தக் கூடத்துலதான் வெச்சிருந்தோம். வீட்டுக் குழந்தைங்களைப் பெட்டிக்கு மேல கைமாத்தணும்ல? இல்லேன்னா செத்தவரு ஏக்கத்துல ராத்திரி வந்து புள்ளையத் தூங்கவிடமாட்டாரு. எஸ்றாவக் கைமாத்தினோம். அடுத்து ஆகாரு உன்னைத் தூக்கிக்கிட்டு வந்தா. அது நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்குத்தானே பண்றது, வேத்துப் புள்ளைக்குப் பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டாங்க. ஆகாரு கேட்டவங்களைப் பார்த்த பார்வை இருக்கே. அப்புறம் யாரும் கேக்கலை. அவ உன்னை எங்கிட்ட குடுத்தா. நான் பெட்டிக்கு மேல நீட்டினேன்."

அவர் நிறுத்தி, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தப் பெட்டியச் சுத்தி நின்னவங்க எத்தனை பேரு இங்க இருக்கீங்க? கையத் தூக்குங்க பார்ப்போம்."

முதலில் ஜன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது, பழுத்த இலை மாதிரி நடுங்கிக்கொண்டு. அடுத்து சக்கர நாற்காலியிலிருந்து ஒன்று. கதவோரத்தில் இரண்டு சகோதரிகள், ஒரே நேரத்தில். சின்னப் பிள்ளைகளாக அன்றைக்கு நின்றவர்கள், இன்றைக்கு நரைத்த தலைகள். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. ஒரு சமயம் அந்தக் குழந்தையைத் தாங்கிய கைகள், அல்லது தாங்கியதைப் பார்த்த கைகள். எங்கள் தீவில் ஒரு ரகசியம் கோயில் படியிறங்கி வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துபோகும். இவர்கள் இதை அறுபது வருஷம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவரோடொருவர்கூடப் பேசிக்கொண்டதில்லை. எஸ்றாவுக்கு அவன் அப்பா சொல்லியிருந்தாராம். சண்டையில் என் பாட்டனார் வரை இழுத்துத் திட்டியவன், இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை வந்த ஒரே நாள் அதுதான்.

கடைசியாகப் பர்விஸின் கை எழுந்தது.

"எனக்கு ஒன்பது வயசு," என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு. "மாமா இந்தப் பக்கம் நின்னு நீட்டினாரு. அந்தப் பக்கம் நின்னு வாங்கினவன் நான். அம்மாதான் என்னை நிக்கச் சொன்னாங்க. கீழ போட்டா தோலை உரிச்சுடுவேன்னாங்க. நீ என் ஞாயித்துக்கிழமை சட்டையில ஒண்ணுக்குப் போயிட்ட. எனக்கு இருந்தது அந்த ஒரு நல்ல சட்டைதான்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். வஸ்தி சிரிக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா உங்கிட்ட சொல்லிட்டாங்களா? அதுக்காகவா அன்னைக்குக் கடைசியில போய் உட்கார்ந்த?"

அவள் தலையாட்டினாள்.

"அம்மாவ நீ வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நினைச்சேன்," என்றார் பர்விஸ். "ஏழு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதை என்னால தாங்க முடியலை." கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்து மேசைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "பேனாவக் குடு, டெல்ஃபின்."

எனக்கும் பேனாவைக் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாகப் போய் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் முத்திரை வைத்திருப்பவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரிசு காகிதத்தை வேறு தாளில் திருத்தி எழுதினேன், ஆகாருக்கு ஒரே பிள்ளை என்று. ஜூலை மாமா அதைப் படித்து முகத்தைச் சுளித்தார், காகிதத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு பர்விஸுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உங்கள் அம்மாவின் பங்கு முழுவதும் இப்போது உங்களுடையது, கையெழுத்துப் போட்டால் முழுவதும் போகும், நாளைக்கு மனம் மாறினாலும் திரும்பி வராது, விலைக்குக் கேட்க ஆளிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். கோல்ஃப் ஆட்களைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் கொடுத்த கார்டு கால் ஆடிய மேசைக்கு அண்டை கொடுக்க உதவியதாம்.

பத்திரத்தில் இன்னொரு இடம் எனக்கு உறுத்தியது. 'என் சகோதரி வஸ்திக்கு' என்று நான்தான் டைப் செய்திருந்தேன். அந்த வார்த்தை இல்லாவிட்டாலும் பத்திரம் செல்லும், ஒரு கோடு போட்டு அடித்துவிடட்டுமா, பின்னால் யாரும் கேள்வி கேட்காமல் இருக்கும் என்றேன்.

பர்விஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அந்த வார்த்தை மேல கைய வெச்சேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் தன் முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினார். மற்றவர்கள் அவர் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். நடுங்குகிற கைகள், வாதம் பிடித்த கைகள், மீன் எண்ணெய் துடைக்காத ஒரு கை. சொந்தச் சுயநினைவோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் நான் கேட்டேன், அது என் வேலை. ஆமாம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட கேள்வி, அன்றைக்குத்தான் பதிலையும் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு வம்சம் முழுவதும் ரத்தமும் வேர்வையும் சிந்திக் காப்பாற்றிய மண்ணை, தக்காளி வயலில் விட்டுப் போன ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுத் தட்டைத் தேடிப் போனார்கள், ஏதோ குடை இரவல் கொடுத்த மாதிரி.

கடைசி முத்திரையையும் குத்தி, காகிதங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினேன். அப்போதுதான் வஸ்தி மேசை அருகே வந்தாள். கையெழுத்து முடியும்வரை சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். கையில் எங்கிருந்தோ ஒரு பேனா எடுத்து வைத்திருந்தாள்.

"நான் எங்க போடணும்?" என்றாள்.

"நீ எங்கயும் போட வேண்டாம்."

"ஏன்? வீடு என் பேருக்குத்தானே வருது? நான் ஏதாவது பண்ண வேண்டாமா?"

"குடுக்கிறவங்கதான் போடணும். வாங்கிக்கிறவங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, வஸ்தி. வாங்கிக்கிட்டா போதும்."

அது அவளுக்கு விளங்கவில்லை. பேனாவோடு நின்றாள், மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பர்விஸ் அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போனார்.

"பேனாவக் கீழ வை," என்றார். "ரெண்டு கையையும் நீட்டு."

அவள் நீட்டினாள்.